மூன்று சிரட்டையும் இருபது கடுகும்: ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளி ஒன்றாம் வகுப்பில் கையால் நடத்தும் பாடங்கள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒரு விதையைக் கொடுத்தால் அது உருட்டிப் பார்க்கும், முகரும், பக்கத்துப் பிள்ளையிடம் இருப்பதோடு ஒப்பிடும், ‘இதைத் தின்னலாமா டீச்சர்?’ என்று கேட்கும். இது தமிழா, கணக்கா, சூழ்நிலையியலா, மறைக்கல்வியா (கத்தோலிக்கச் சமயப் பாடம்) என்ற யோசனை அதற்கு வராது. பீரியட் பிரித்து வைத்திருப்பது நம் வசதிக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு கைவேலை தேடி அலைவதைவிட, ஒரே பொருளை எடுத்து இரண்டு வாரம் எல்லாப் பாடத்துக்குள்ளும் நடத்திக்கொண்டு போவது டீச்சருக்கும் சுலபம், பிள்ளைக்கும் மனதில் நிற்கும்.

அந்தப் பொருள் எது என்று தேடவும் வேண்டாம். நற்செய்தி உவமைகளில் வருகிற சாமான்கள் எல்லாம் அடுக்களையிலும் தோட்டத்திலும் கிடைப்பவைதான்: கடுகு, புளித்த மாவு, உப்பு, விளக்கு, காசு, ஆடு, வலை. ஆனால் பல வகுப்புகளில் நடப்பது என்ன? கதையைச் சொல்லிவிட்டு, ஆட்டுப் படத்தில் பஞ்சு ஒட்டச் சொல்வது. அதில் பசை தடவப் பழகலாம். காணாமல்போன ஆட்டைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியாது. கையில் கொடுக்கும் பொருள் பிள்ளைக்கு ஒரு கேள்வியைக் கிளப்ப வேண்டும். விடை டீச்சருக்கே முழு நிச்சயமில்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கீழே உள்ள அளவுகள் 30 பிள்ளைகள், ஒரு டீச்சர், 40 நிமிடப் பீரியட் என்ற கணக்கில். ஆறு பேர் கொண்ட ஐந்து குழு. ஆனால் வேலை எப்போதும் இரண்டிரண்டு பேராக. ஆறு பேர் நடுவில் ஒரு தட்டை வைத்தால் இரண்டு பேர் செய்வார்கள், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அந்த நான்கில் ஒருவர் அடுத்தவர் தலைமுடியை இழுப்பார்.

முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

ஈர்க்குச்சி 500. தென்னை விளக்குமாற்றை 10 செ.மீ. துண்டுகளாக நறுக்கினால் தாராளமாகக் கிடைக்கும். சரிவாக நறுக்கினால் முனை குத்தும். நேராக வெட்டி, ஒரு பிடியாகப் பிடித்துச் சிமெண்டுத் தரையில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிடுங்கள். நுனிப்பக்கத்து மெல்லிய துண்டுகளைச் சேர்க்காதீர்கள். தடித்த குச்சியையும் மெல்லிய குச்சியையும் கலந்து கட்டினால், பத்து குச்சிக் கட்டு ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். பெரிய கட்டில் அதிகம் இருக்கிறது என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். ரப்பர் பேண்ட் 60.

புளியங்கொட்டை 600, ஆளுக்கு இருபது. கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கொஞ்சம் வேப்பிலையோடு டப்பாவில் போட்டால் வண்டு வராது. காகிதக் கப்பில் இருபது இருபதாக எண்ணிக் கொடுத்து, இருபதாக எண்ணித் திரும்ப வாங்குங்கள். இது கணக்குப் பயிற்சி மட்டும் அல்ல. ஆறு வயதுப் பிள்ளை கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ளும் வயதில் இருக்கிறது. கப்பில் பத்தொன்பது வந்தால் உடனே மூக்கையும் காதையும் பாருங்கள். உள்ளே இருந்தால் குச்சியோ ஊக்கோ விட்டு நோண்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ந்த விதை ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும், அதனால் தண்ணீர் விட்டுக் கழுவியும் பார்க்கக் கூடாது.

சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை எண்ணக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் இருக்கிறது. ஆமணக்கு விதையும் அப்படித்தான்.

இவை தவிர, கண் உள்ள பாதிக் கொட்டாங்கச்சி 15 (தெற்கே சிரட்டை), மருந்து பாட்டிலோடு வரும் 10 மி.லி. மூடி 15, பழைய எவர்சில்வர் தட்டு 15.

விதைப்பவர் உவமை: இரண்டு வாரப் பாடம்

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வரும் கதை. விதை வழியோரம், பாறை நிலம், முட்செடிகளின் நடு, நல்ல நிலம் என்று நான்கு இடத்தில் விழுகிறது. ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் மத்தேயு வரும் ஆண்டில், பொதுக்காலம் (பெருவிழாக் காலங்களில் சேராத சாதாரண வாரங்கள்) 15ஆம் ஞாயிறு இதுதான் நற்செய்தி; ஜூலை நடுவில் வரும். 2026இல் ஜூலை 12. பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகி, பிள்ளைகள் அழுகையை நிறுத்தியிருக்கும் நேரம். மற்ற ஆண்டுகளிலும் ஜூலையே வசதி.

இதை எல்லோரும் பச்சைப்பயறு வைத்துத்தான் செய்கிறார்கள். அதனால்தான் சொதப்புகிறது. பயறின் இரண்டு பருப்பிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும் உணவு இருக்கிறது. கல்லில் போட்டாலும் பஞ்சில் போட்டாலும் நிமிர்ந்து நிற்கும். ஐந்தாம் நாள் பாறையிலும் நல்ல மண்ணிலும் ஒரே உயரம். ‘டீச்சர், கல்லுலயும் நல்லாத்தானே வளருது?’ என்று பிள்ளை கேட்டால் அது சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கடுகு எடுங்கள். சிறிய விதை, கைச்சேமிப்பு குறைவு, மூன்று நான்கு நாளில் முளைக்கும், மண் சரியில்லை என்றால் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். 30 பேருக்கு இரண்டு டீஸ்பூன் கடுகு தாராளம். சமையல் கடுகே போதும், ஆனால் ஒரு வாரம் முன்பே பத்து விதையை ஈரத்துணியில் வைத்து முளைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்தில் ஏழுக்குக் கீழே என்றால் வேறு கடையில் வாங்குங்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று சிரட்டை. இரண்டு பேருக்கு ஒன்று. சிரட்டையின் மூன்று கண்ணில் மெதுவான ஒன்று இருக்கும், அதை டீச்சர் ஆணியால் குத்தி ஓட்டை போட வேண்டும். ஓட்டை இல்லாவிட்டால் மூன்றாம் நாள் நாற்றம் அடிக்கும். சிரட்டை உருளும், பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு மாதிரி வைத்து அதன்மேல் உட்காரவையுங்கள்.

நல்ல நிலம்: இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய எரு, ஒரு பிடி மணல். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை.

பாறை நிலம்: கால் இஞ்ச் ஜல்லியை முக்கால் சிரட்டைக்கு மேல் நிரப்பி, மேலே அதே நல்ல மண்ணை 1 செ.மீ. மட்டும் பரப்புங்கள். இந்த மேல்மண் முக்கியம். வெறும் கல்லில் போட்டால் கடுகு முளைப்பதே சந்தேகம், கதையும் கெட்டுவிடும். உவமையில் அது முதலில் முளைக்கிறது. வேர் போக இடம் இல்லாததால் பிறகுதான் கருகுகிறது.

முள் நிலம்: இதற்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்க வேண்டும். நல்ல மண்ணை நிரப்பி ஒரு மேசைக்கரண்டி கேழ்வரகை நெருக்கமாகத் தூவி வளர்த்துவையுங்கள். அது 4, 5 செ.மீ. வந்ததும் நடுவில் கடுகைத் தூவலாம். நிஜ முள்ளைக் குத்திவைத்தால் பார்க்க நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் காய்ந்த முள் எதையும் நெரிக்காது. நெரிப்பது பக்கத்தில் உயிரோடு இருக்கும் செடி, வெளிச்சத்தையும் தண்ணீரையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. இதைப் பிள்ளைகள் தாங்களாகச் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது.

வழியோரம்: இதற்குச் சிரட்டை வேண்டாம். மைதானத்தில் எல்லோரும் நடக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு அடிச் சதுரம் போட்டு, இருபது கடுகை எண்ணிப் போட்டுவிட்டு வாருங்கள். காலை இடைவேளையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை எண்ணுங்கள். பெரும்பாலும் எறும்பு முந்திக்கொள்ளும். மைனாவும் அணிலும் அதற்குப் பிறகுதான். குனிந்து உட்கார்ந்து பார்த்தால், தன் தலையைவிடப் பெரிய கடுகை ஓர் எறும்பு பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போவதும், சாக்பீஸ் கோட்டின் முன் நின்று தயங்கிச் சுற்றிப் போவதும் தெரியும். இருபது நிமிடம் முப்பது பிள்ளைகளும் சத்தமில்லாமல் இருப்பது அந்த வாரத்தில் அந்த ஒரு பொழுதுதான். கதையில் பறவை, இங்கே எறும்பு என்று பிள்ளை சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். திருத்த அதில் எதுவும் இல்லை.

விதைப்பது புதன்கிழமை. காரணம் உண்டு. சனி, ஞாயிறு முளைவிட்டு, திங்கள் காலை வகுப்புக்கு வரும்போது பச்சை தெரியும். முதல் ஐந்து நாள் எல்லாச் சிரட்டையும் நிழலில், மேலே ஈரச் சாக்கு. திங்கள் முதல் பத்து மணி வெயில் படும் தாழ்வார ஓரத்துக்கு மாற்றி, எல்லாவற்றுக்கும் காலையில் ஒரே அளவு: இரண்டு மூடி தண்ணீர். அடுத்த வெள்ளி மாலையும் அதே இரண்டு மூடி ஊற்றிவிட்டுப் போங்கள். இரண்டு நாள் விடுமுறை கழிந்து திங்கள் வந்தால், பாறைச் சிரட்டை பெரும்பாலும் துவண்டு படுத்திருக்கும். நல்ல மண் தாங்கியிருக்கும். கேழ்வரகு நடுவே கடுகு வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, பக்கத்துத் தாளில் சாய்ந்திருக்கும். அந்த வாரம் மழை பெய்தால் பாறையும் பிழைத்துக்கொள்ளும். அப்போது வெயில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு இன்னும் மூன்று நாள் விட்டுப் பாருங்கள்.

எங்கே தவறுகிறது என்றால், தண்ணீரில்தான். பிள்ளைகளுக்குத் தங்கள் சிரட்டைமேல் பாசம் வந்துவிடும். வாடுகிற பாறைச் செடிக்கு ஒளித்து வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். திட்டாதீர்கள். ‘ஊற்றினாயா, எத்தனை மூடி?’ என்று கேட்டு அதையும் பலகையில் எழுதிவிடுங்கள். கூடுதலாக ஊற்றிய சிரட்டையில் என்ன நடந்தது என்பதும் ஒரு பாடம்தான். இரண்டாவது தவறு, கடுகை ஆழமாகப் புதைப்பது. மேலே தூவி, ஒரு சிட்டிகை மண் போட்டால் போதும்.

இப்போது இது எப்படிப் பாடங்களாகப் பிரிகிறது என்று பாருங்கள். இருபது விதை போட்டோம், பதினான்கு முளைத்தது, முளைக்காதது எத்தனை? புளியங்கொட்டையை வைத்துச் செய்ய வேண்டிய கழித்தல் இதுவே. ஐந்து குழுவின் எண்ணையும் கோடு கோடாகப் பலகையில் போட்டால் எது அதிகம், எது குறைவு. தமிழுக்கு விதை, வேர், முள், பாறை, பறவை, மண். ர, ற குழப்பம் இந்தப் பட்டியலிலேயே வந்துவிடுகிறது. வேர் சிறிய ர, பாறை பெரிய ற என்று விரலால் செடியையும் கல்லையும் தொட்டுக்கொண்டே எழுதட்டும். ஆங்கிலத்துக்கு சன் (sun), மட் (mud), பட் (bud) என்று மூன்றெழுத்துச் சொற்கள். அறுவடை சில விதைக்கு முப்பது, சிலவற்றுக்கு அறுபது, சிலவற்றுக்கு நூறு மடங்கு என்கிறது நற்செய்தி. ஈர்க்குச்சிக் கட்டை எடுத்து மூன்று கட்டு, ஆறு கட்டு, பத்துக் கட்டு அடுக்குங்கள். பத்துகளை இதைவிட நன்றாக யாரும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

மறைக்கல்வியில் ஓர் எச்சரிக்கை. ‘நீ எந்த நிலம்?’ என்று ஆளாளுக்குக் கேட்காதீர்கள். அடுத்த நாளே குறும்புக்காரப் பையனுக்குப் ‘பாறை’ என்று பட்டப்பெயர் விழும். நல்ல மண்ணுக்கு யார் எரு போட்டார்கள், யார் கிளறிவிட்டார்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாக வீட்டுக்கும் ஆலயத்துக்கும் போகும்.

நூறு ஆட்டில் ஒன்று

லூக்கா 15ஆம் அதிகாரம்: நூறு ஆட்டில் ஒன்று காணாமல்போக, மற்றவற்றை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிறவர் கதை. ஒரு குழுவுக்குப் பத்துக் கட்டு, நூறு குச்சி. நூறு ஆடு. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ள, டீச்சர் ஏதாவது ஒரு கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவிவிடுகிறார். எந்தப் பட்டியில் ஆடு காணோம்?

முதலில் எல்லாக் குச்சியையும் கொட்டி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். நாற்பதில் குழம்பும், மறுபடி தொடங்குவார்கள். விட்டுவிடுங்கள். மூன்றாவது முறையில் யாராவது ஒரு பிள்ளை, கட்டைப் பிரிக்காமல் கட்டுக் கட்டாக எண்ணினால் போதும் என்று கண்டுபிடிக்கும். ஒன்பது கட்டு முழுசு, ஒரு கட்டில் ஒன்பது, தொண்ணூற்றொன்பது. பத்தாம் இடம், ஒன்றாம் இடம் என்ற சொல்லைப் பலகையில் எழுத வேண்டிய நிமிடம் அதுதான். ஒரு நாள் முந்தினாலும் அது வெறும் சொல்.

அடுத்த சுற்றில் குச்சியை உருவும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். ஒன்றை எடுக்க ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றியாக வேண்டும். இரண்டாம் வகுப்பில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ வரும்போது இந்த ரப்பர் நினைவுக்கு வரும்.

அதே அதிகாரத்தில் பத்துக் காசில் ஒன்றைத் தொலைத்து, விளக்கைக் கொளுத்தித் தேடிய பெண்ணின் கதை இருக்கிறது. பத்து பாட்டில் மூடி, ஒரு டம்ளர். சிலவற்றை டம்ளரால் மூடிவிட்டு வெளியே இருப்பதைக் காட்டுங்கள், உள்ளே எத்தனை? பத்தாக்கும் ஜோடிகள் ஒரு வாரத்தில் வாயில் வந்துவிடும்.

பத்துக்கு இன்னொரு வழி, அக்டோபர் ஜெபமாலை மாதத்தில். ஜெபமாலையில் மொத்தம் 59 மணி: அருள் நிறைந்த மரியே 53, கர்த்தர் கற்பித்த செபம் 6. பத்துப் பத்தாக ஐந்து பத்து, தொங்கலில் மூன்று. ஆனால் வீட்டிலிருந்து மந்திரித்த ஜெபமாலையைக் கொண்டுவரச் சொல்லி அதை எண்ணுவதற்குக் கொடுப்பது சரியல்ல. நூலில் பத்து பாசிமணி கோத்துத் தனியாகச் சரம் செய்யுங்கள். நூல் மணிகளின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும்; மணி நகர இடம் இல்லாவிட்டால் எண்ணியதும் எண்ணாததும் பிரியாது. ஐந்து சரத்தைச் சேர்த்து இடையில் பெரிய மணி வைத்தால், பெரிய மணியையும் சேர்த்து எண்ணிப் பதினொன்று என்பார்கள். எல்லா வருடமும் நடக்கும். பெரிய மணியை வேறு நிறத்திலும் வேறு பொருளிலும் வைத்தால் குறையும்.

எழுத்துகள்

தட்டில் மணல் பரப்பி எழுதுவது எல்லோருக்கும் தெரியும். கெடுவது ஆழத்தில். அரை செ.மீ. போதும், அதற்கு மேல் போனால் விரல் போன தடத்தில் மணல் சரிந்து எழுத்து மறையும். தட்டின் அடியில் கருநீல அட்டை ஒட்டினால் கோடு பளிச்சென்று தெரியும். சலித்துக் கழுவிக் காயவைத்த மணல் மட்டுமே. கோலமாவு தூசியாகப் பறந்து மூக்கில் ஏறும். ரவைக்கு எறும்பு வரும். சாப்பிடும் அரிசியைத் தரையில் சிந்துவது பல வீடுகளில் பிடிக்காது.

உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்கு 120ஆம் நம்பர் தாள். 60 வாங்கினால் விரல் தோல் தேயும். இந்த முறையைப் பரப்பிய மரியா மாண்டிசோரி கத்தோலிக்கப் பெண்மணி. 1939இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில்தான் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். எழுத்தைச் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டாலும் தடவ வேண்டும், எழுதும் திசையில் மட்டும். கீழிருந்து மேலே தடவிப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ட, ப, ம என்று நேர்கோடு அதிகமுள்ள எழுத்தில் தொடங்கி, வளைவுக்கும் சுழிக்கும் பிறகு போகலாம்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலுக்குக் கைதான் மருந்து. ‘கெ’ என்று சொல்லும்போது க் முதலில் கேட்கிறது, எ பிறகு. எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. காதில் கேட்ட வரிசையில் பிள்ளை க எழுதிவிட்டுப் பின்னால் கொம்பைப் போடும். திருத்தித் திருத்திச் சிவப்பு மையால் நிரப்புவதைவிட, கொம்பு, துணைக்கால், இரண்டையும் தனித் தனி அட்டையில் வெட்டிக் கொடுங்கள். க அட்டை நடுவில். ‘கா’ என்றால் கால் பின்னால் வந்து நிற்கும். ‘கெ’ என்றால் கொம்பு முன்னால் வரும். ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் ஆள். அட்டையை நகர்த்தும் கை பத்துப் பதினைந்து முறையில் இடத்தைப் பிடித்துவிடும்.

இடது, வலது

சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுப்பதே இடம் வலம் பாடம். நெற்றி, மார்பு, இடத் தோள், வலத் தோள், வலக் கையால். பிள்ளைகளைப் பார்த்து நின்று டீச்சர் தன் வலக் கையால் போட்டால், எதிரே இருப்பவர்கள் கண்ணாடி போலப் பார்த்து இடக் கையால், தோளையும் மாற்றிப் போடுவார்கள். ஒன்று முதுகைக் காட்டித் திரும்பி நின்று போடுங்கள், அல்லது எதிரே நிற்கும்போது நீங்கள் கண்ணாடியாக மாறி இடக் கையால் போட்டுக் காட்டுங்கள். வலக் கை மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் இரண்டு வாரம் இருந்தால் போதும். அதே ரப்பர் பேண்ட் ஆங்கில ‘பி’ (b), ‘டி’ (d) சின்ன எழுத்துகள் திரும்பிக்கொள்வதற்கும் உதவும்: ரப்பர் பக்கம் வயிறு இருந்தால் பி.

டிசம்பர்: குடிலுக்குப் புல்

கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கோதுமையோ கேழ்வரகோ நெல்லோ முளைக்கவைத்துப் பச்சைப் புல் வளர்ப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். அதை வகுப்புக்குள் கொண்டுவந்தால் அளத்தல் பாடம் முடிந்தது.

விடுமுறை விடும் நாளிலிருந்து பத்து நாள் பின்னோக்கி எண்ணி விதையுங்கள். டிசம்பர் 10 முதல் 12க்குள் சரியாக இருக்கும். இடையில் தேர்வு வரும், ஆனால் புல்லுக்குத் தினம் பத்து நிமிடம் போதும். முழுக் கோதுமையை இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, சாப்பாட்டுத் தட்டில் 2 செ.மீ. தென்னைநார்க் கழிவோ மண்ணோ பரப்பி, மேலே விதை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரு கைப்பிடி. ஈரச் சாக்கால் இரண்டு நாள் மூடி, பிறகு வெளிச்சத்துக்கு. ஒரு தட்டை மட்டும் அட்டைப்பெட்டிக்குள் இருட்டிலேயே விடுங்கள். அதில் புல் மற்றதைவிட உயரமாக, ஆனால் வெளிர் மஞ்சளாக வரும். உயரம்தான் நல்லது என்று நினைத்த பிள்ளைகளுக்கு அங்கே ஒரு தடுமாற்றம் வரும். பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்து, மறுநாள் பச்சை ஏறுவதையும் காட்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலம். ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிந்து, புளித்த கஞ்சி வாடை வந்தால் பூஞ்சை. விதையை ஒட்டி வேரில் மட்டும் மெல்லிய வெள்ளை மயிர் தெரிந்து, தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் அது வேர்த்தூவி, பயப்பட ஒன்றுமில்லை. தட்டைச் சாய்த்தால் தண்ணீர் ஓடக் கூடாது. மழை விடுமுறை அறிவித்தால் தட்டுகளைத் திறந்த தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போங்கள், பூட்டிய அறையில் வேண்டாம்.

அளப்பதற்கு ஸ்கேல் வேண்டாம். தினமும் புல்லின் பக்கத்தில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்தி, புல் நுனி வரை வெட்டி, தேதி எழுதி, சார்ட்டில் அடிக்கோட்டிலிருந்து வரிசையாக ஒட்டுங்கள். பத்து நாள் முடிவில் பட்டைகள் படிக்கட்டு மாதிரி ஏறி நிற்கும். அதுவே வரைபடம். எல்லாப் பட்டையின் அடியும் ஒரே கோட்டில் இருப்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பட்டை மேலே ஏறி ஒட்டப்பட்டால் படிக்கட்டு பொய் சொல்லும். நேற்றைவிட எவ்வளவு கூடியது என்பதைத் தீக்குச்சியை வைத்து அளக்கலாம்.

திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள்) மெழுகுவர்த்தி நான்கு: ஊதா மூன்று, மூன்றாம் ஞாயிறுக்கு ரோஜா நிறம் ஒன்று. ஊதாவைப் பிள்ளைகளே கலக்கட்டும். சாதாரணச் சிவப்பில் மஞ்சள் சாயல் இருப்பதால் நீலம் சேர்த்தால் பழுப்புச் சேறுதான் வரும். கிரிம்சன் என்று போட்டிருக்கும் சிவப்பை வாங்குங்கள். செயல்வழிக் கற்றல் காலத்தில் கட்டிய கம்பிப் பந்தலும் கீழ்மட்டக் கரும்பலகையும் இன்னும் இருக்கிற அறை என்றால் அதிர்ஷ்டம். அந்த வாரம் ஆலய வழிபாட்டுக்கு உரிய நிறத்தில் ஒரு வண்ணக் காகிதத்தைக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஜூனிலிருந்து நவம்பர் கடைசி வரை ஏறக்குறையப் பச்சையாகவே தொங்கி அலுத்துப்போய், திடீரென்று ஊதா வரும்போது முதலில் கேட்பது பிள்ளைகளாக இருக்கும்.

கொஞ்சம் புளிப்பு மாவு எல்லா மாவையும் புளிக்கவைக்கும் உவமைக்கு இட்லி மாவு போதும். கண்ணாடி ஜாடியில் பாதி, மூடியைத் தளர்வாக, மட்டத்தில் ரப்பர் பேண்ட். வெயில் காலத்தில் மாலைக்குள் ரப்பரைத் தாண்டும். டிசம்பரில் செய்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளும் கத்தோலிக்கர் இல்லை

தமிழ்நாட்டின் ஆர்.சி. பள்ளி வகுப்பறைகள் பலவற்றில் இந்து, முஸ்லிம் பிள்ளைகள் நிறைய. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் சமய போதனையிலும் வழிபாட்டிலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவரைப் பங்கெடுக்கவைக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. சட்டம் சொல்வது இருக்கட்டும், நடைமுறைக்கும் இதுதான் நல்லது: கடுகும் குச்சியும் எல்லோருக்கும், கதை கதையாக எல்லோருக்கும். செபமும் விளக்கமும் மறைக்கல்விப் பீரியடில், மற்ற பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்குப் போன பிறகு. சிலுவை அடையாளத்துக்குப் பதில் அவர்களுக்குத் தோப்புக்கரணம் வைத்தும் இடம் வலம் சொல்லலாம்; இடக் கை வலக் காதுக்கு, வலக் கை இடக் காதுக்கு என்று அது இன்னும் கடினமான பயிற்சி.

திருப்பலிச் (பூசை) சாமான்களைக் காட்ட விரும்பினால் மேசை விரிப்பு, கிண்ணம், தட்டு என்று மாதிரிகளை வைத்துப் பெயர் சொல்லிக்கொடுங்கள். அப்பத்தை வைத்து விளையாட்டுத் திருப்பலி வேண்டாம். புதுநன்மைக்கு (முதல்முறை நற்கருணை வாங்குவது) பெரும்பாலும் இன்னும் சில வருடம் இருக்கிறது, அதன் மரியாதையை இப்போதே கரைக்க வேண்டியதில்லை.

நேரமும் பதிவும்

40 நிமிடத்தில் சாமான் கொடுக்க 5, கைவேலை 20, என்ன பார்த்தாய் என்று சொல்ல 10, எடுத்துவைக்க 5. முதல் மாதம் எடுத்துவைக்க 15 ஆகும்; அதைத் தனியாகவே பழக்குங்கள், ஒரு நாள் வேறு பாடம் இல்லாமல் தட்டு எடுப்பது, வைப்பது மட்டும். சொல்லும் பத்து நிமிடத்தை நேரமில்லை என்று வெட்டினால் கை செய்தது தலைக்குப் போகாது. பிள்ளை சொல்கிற வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதுங்கள்: ‘கடுகு வாடிப்போச்சு.’ பக்கத்தில் ‘கடுகு வாடியது’ என்று எழுதி இரண்டையும் படிக்கவையுங்கள்.

வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்தால் சிரட்டையைக் காட்டிப் பயனில்லை, பாடக்குறிப்பேட்டில் கற்றல் விளைவு இருக்க வேண்டும். ஒரே செயலுக்கு நான்கு பாடத்தின் கற்றல் விளைவையும் தனித்தனி வரியில் எழுதிவிடுங்கள். ஆளுக்கு ஒரு தாள், அதில் தேதியும் பிள்ளை சொன்ன ஒரு வாக்கியமும் போதும், மதிப்பெண் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் குச்சிகளை எண்ணி வாங்குங்கள். 500 இருக்க வேண்டும், 480 இருக்கும். இருபதுக்கும் அந்தப் பெண் காசைத் தேடியது போல விளக்கைக் கொளுத்திக்கொண்டு தேடாதீர்கள். மாதம் ஒரு முறை இன்னொரு விளக்குமாறு வாங்கி நறுக்கி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.